மோட்டாரை நிறுத்தி வைத்த நாலு நாள்

மேட்டுக்காடு,
வடமதுரை வழி,
திண்டுக்கல் மாவட்டம்.
வைகாசி 12

அன்புள்ள தம்பி பழனிக்குமாருக்கு,

அக்கா கனகா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கும் பவித்ரா, பிள்ளை சுகத்துக்கும் பதில் போடு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் இங்கே எல்லாரும் சுகமாக இல்லை. நீயும் இதை வாசித்து முடிக்கும்போது சுகமாக இருக்க மாட்டாய். அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பங்குனியிலிருந்து உனக்கு எத்தனை தடவை அடித்திருப்பேன். மீட்டிங்கில் இருந்தாய், கார் ஓட்டிக்கொண்டிருந்தாய், அப்புறம் மணி அடிப்பதே நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. உனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தபோது மட்டும் சித்திரையில் ஒரு தடவை நீயாகக் கூப்பிட்டாய். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், போடு. ஆனால் வாசித்துவிட்டுக் கிழி. உன் வேலை சம்பந்தப்பட்ட விஷயம் இதில் இருக்கிறது.

முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். நம் நிலத்தில் உன் கம்பெனியின் டேட்டா சென்டர் வராது. வராமல் போனதற்கு நான் காரணம். உன்னை ஆபீஸில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள், அதற்கும் நான்தான் காரணம். யார் போட்டுக் கொடுத்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. உன் அக்காதான்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்தில் நின்று ஒரு தடவை பார்.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் வர நாலு நாள் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்திப் போடுவோம். செடி வாடினால் வாடட்டும், தண்ணீர் மேல்படியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என்னைப் பார்க்க வந்தபோது அப்பாவும் அதைத்தான் செய்தார். கல்யாணம் முடிந்து மறுவாரம் வந்து பார்த்தால் தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது என்று உன் மச்சான் இன்னமும் சொல்லிச் சிரிப்பார். காட்டுகிறவர்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி அது ஒரு மரியாதை. அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

கார்த்திகையில் நீ கூப்பிட்டு, “யக்கா, ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வாராங்க. நாலு நாளைக்கு மோட்டார் போடாத. ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பச் செஞ்ச மாதிரி” என்றாய். நான் சிரித்தேன். நம் நிலத்துக்கு மேற்கே கிடக்கிற தரிசைத்தான் கம்பெனி எடுக்கப் போகிறது, நம் கிணற்றைச் சும்மா ஒரு மாதிரிக்குத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னாய். தம்பி சொன்னால் சரி. நாலு நாள் மோட்டார் போடவில்லை. மழை முடிந்த கையோடு அது, கிணறு தளும்பி நின்றது. வந்த இரண்டு பேரும் குனிந்து கையாலேயே தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். ஒருத்தர் மூன்று தடவை சோறு வாங்கினார். நீ எவ்வளவு பெருமையாக என்னைப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறதா?

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நீ ஊருக்கு விளக்கிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நாம் போனில் அனுப்புகிற போட்டோ, பார்க்கிற வீடியோ எல்லாம் எங்கேயோ ஒரு கட்டடத்தில் மெஷினுக்குள் இருக்கிறது, அந்த மெஷின்கள் ஓயாமல் சூடாகும், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாய். அதை எங்கே கட்டுவது என்பதுதான் இப்போது உலகம் முழுக்கக் கேள்வி, அதற்கு இடம் தேடுவதுதான் உன் உத்தியோகம் என்றாய். வானத்தில் ராக்கெட் வைத்து ஏற்றி, பூமியைச் சுற்ற விடலாம் என்றுகூடச் சிலர் யோசிக்கிறார்களாம். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, வாடகை இல்லை. ஆனால் சூட்டை இறக்கிவிட அங்கே காற்று கிடையாது, ஒன்று பழுதானால் ஏறிப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. பட்டணத்தில் மாடிக் கட்டடங்களுக்குள் வைக்கலாம், இடம் கொள்ளாது. அதனால்தான் இந்த மாதிரிச் சமவெளி என்றாய். நாலு வழிச் சாலை பக்கத்தில், பெரிய கரண்ட் லைன் தலைக்கு மேலே, புயல் வெள்ளம் கிடையாது.

இருளப்பன் அண்ணன் எழுந்து, “மெசினுக்குக் குளுமைதான வேணும், கொடைக்கானல்ல கொண்டுபோயி வையேன் அப்பு, எதுக்கு வடமதுரை வெயில்ல கொண்டாந்து வச்சு வேகவைக்கிற?” என்று கேட்டார். ஊரே சிரித்தது, நீயும் சிரித்தாய். மலைச் சரிவு, காட்டுச் சட்டம் என்று பதில் சொன்னாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ரோட்டோரம் பூட்டிக் கிடக்கிற நூல் மில்லில் வைக்கலாமே, கூரை இருக்கிறது, கரண்ட் லைன் அப்போதே இழுத்தது இருக்கிறது, யாருடைய வெள்ளாமையும் போகாது என்றேன். நீ அடுத்த ஆளைக் கேட்கச் சொன்னாய். எனக்குத்தான் விஷயம் புரியவில்லை போல என்று நினைத்து நான் உட்கார்ந்துவிட்டேன்.

தை மாதம் நீ வந்தது ஒரு புதன்கிழமை. நல்ல நாளும் இல்லை, நோன்பும் இல்லை, கையில் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை. அப்பா போன பிறகும் அவர் பேரிலேயே இருக்கிற மோட்டார் கரண்ட் இணைப்பை என் பேருக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஒரு கையெழுத்து என்று சொல்லி வடமதுரைப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போனாய். அந்த அதிகாரி நல்ல மனிதர். கையெழுத்துக்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்து, வாசித்துப் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டார். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், வாசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் உன் முன்னாலேயே அந்தக் காகிதத்தை எடுத்து வரி வரியாக வாசித்தால் என்ன அர்த்தம்? உன்னைத் திருடன் என்று நாலு பேர் மத்தியில் சொல்வது மாதிரி ஆகிவிடாதா? “எந் தம்பிதான் சார்” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் போட்டேன்.

சகோதரி சொத்தில் தன் பாத்தியத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் நாளில் அண்ணன் தம்பிகள் சேலை எடுத்துக் கொடுப்பது ஊரில் எனக்குத் தெரியாததா? எத்தனை பேர் அந்தச் சேலையைக் காட்டி என்னிடம் அழுதிருக்கிறார்கள். அந்தச் சேலை என் மடியிலேயே கிடந்தும் எனக்கு உறைக்கவில்லை. கலர் நன்றாக இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டிக்கொண்டு வந்தேன். என் மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

மாசியில் பிள்ளைக்கு முதல் பிறந்த நாள் என்று சென்னைக்கு வந்தேனே, அதையும் எழுத வேண்டும். உன் அடுக்குமாடியில் லிப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீங்கள் எல்லாம் கேக் வெட்டப் பலூன் ஊதிக்கொண்டிருந்தபோது நான் அதை நின்று வாசித்தேன். பின்பக்கத்து ஆபீஸ் கட்டடத்தை யாரோ டேட்டா சென்டராக மாற்றப் போகிறார்கள், ஜெனரேட்டர் சத்தத்தில் குழந்தைகள் தூங்க முடியாது, தண்ணீர் லாரிகள் வந்துகொண்டே இருக்கும், அனல் காற்று எங்கள் பால்கனிப் பக்கம் அடிக்கும், ஆகவே இங்கே அனுமதிக்கக் கூடாது என்று குடியிருப்போர் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கீழே கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்து உன்னுடையது.

உன்னிடம் கேட்டேன். “அட போக்கா, இது ஊருக்குள்ள, சின்னப் பிள்ளைக இருக்கிற எடம்” என்று சொல்லிவிட்டுப் பாயசம் கொடுத்தாய். மேட்டுக்காட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்க வந்தேன். விசேஷ வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்போதும் நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, தம்பி. படிப்படியாகத்தான் எனக்குப் புத்தி வந்தது.

பங்குனியில் பூ எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தபோது பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி கொடுத்த விவரம், தமிழில். மேற்கே கிடக்கிற தரிசு அதில் இல்லை. நம் சர்வே நம்பர் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். நிலத்தின் தன்மை, பயன்பாடில்லாத புன்செய். பயிர், ஏதும் இல்லை. குடியிருப்பு, இல்லை. நீர் ஆதாரம், எல்லாப் பருவத்திலும் போதுமான நீருள்ள கிணறு. இடத்தைப் பரிந்துரைத்தவர் பெயரும் உன் பெயர்தான்.

என் தலையில் சம்பங்கிக் கூடை இருந்தது. அந்தக் கூடையோடு நின்றுகொண்டு, பயிர் ஏதும் இல்லை என்பதை இரண்டு தடவை வாசித்தேன். அப்பா படுத்த பிறகு நானும் உன் மச்சானும் இங்கே வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பதினாலு வருஷமாகத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மேட்டுக்காட்டுச் சம்பங்கி என்றால் கனகா சம்பங்கி என்று கேட்டு வாங்குகிறார்கள். நீ காலேஜுக்குப் போனதும் அந்தப் பூவில்தான். நீ எழுதிய காகிதத்தில் நானும் இல்லை, என் வீடும் இல்லை, நான் நட்ட ஒரு கிழங்குகூட இல்லை. அன்றைக்கே பத்திர ஆபீஸில் நகல் எடுத்து வாசித்தேன். விடுதலைப் பத்திரம், என் பங்கு முழுவதையும் உனக்கு விட்டுக்கொடுத்ததாக. முழு மனதோடும் சுய நினைவோடும் என்று எழுதியிருந்தது.

அழுதேன் என்று நினைக்காதே. அழுகையே வரவில்லை. இவனை விடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. சோறு வடிக்கும்போதும் அதேதான், பூ எடுக்கும்போதும் அதேதான்.

இதுவரை எழுதியது நேற்று. கை வலித்ததால் நிறுத்தினேன். இன்று மத்தியானம் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். உன் மச்சான் வேன் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அவர் இருந்தால் எழுத விட மாட்டார்.

சித்திரையில் நீயே கூப்பிட்டாய் அல்லவா, அன்று உன் குரல் எவ்வளவு இனிப்பாக இருந்தது. மேலிடத்திலிருந்து அல்போன்சா என்று ஒரு மேடம் கோடைத் தண்ணீரை அளக்க வருகிறார்கள், ரொம்ப விவரமானவர்கள் என்றாய். “யக்கா, கோவத்த எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இது முடிஞ்சா ஒனக்கு நல்லது செய்வேன். போன தடவ மாதிரியே அஞ்சு நாளைக்கு மோட்டார நிப்பாட்டு, பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி நிப்பாட்டச் சொல்லு” என்றாய். அக்கா கத்துவாள், ஆனால் காரியத்தைக் கெடுக்க மாட்டாள் என்று உனக்கு அவ்வளவு நம்பிக்கை. “சரிப்பா, சொல்லிர்றேன்” என்றேன். போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுற்றிலும் கிணறு வைத்திருக்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் போனேன். நிறுத்தச் சொல்ல இல்லை, ஓட்டச் சொல்ல. ஐந்து நாளைக்கு மும்முனைக் கரண்ட் வருகிற நேரமெல்லாம் மோட்டார் ஓட வேண்டும், யார் கிணற்றிலும் சொட்டு மிஞ்சக் கூடாது என்றேன். “சித்திரையில தண்ணிய இப்பிடிக் கொட்டுறது பாவம் கனகா” என்றார் இருளப்பன் அண்ணன். பாவத்தை நான் சுமக்கிறேன், நீங்கள் ஸ்விட்சைப் போடுங்கள் என்றேன். போட்டார்கள். வாய்க்கால் கொள்ளாமல் வண்டிப் பாதையில் எல்லாம் தண்ணீர் ஓடியது. ஐந்தாம் நாள் நம் கிணற்றில் சேறு தெரிந்தது. கல்யாண வீட்டுக்காரி மாதிரி எனக்கு அன்று அம்புட்டுச் சந்தோஷம்.

அல்போன்சா மேடம் வந்தார்கள். உன்னைவிட நாலைந்து வயசு இளையவர்களாகத்தான் இருப்பார்கள், ராமநாதபுரம் பக்கத்துப் பெண். வந்ததும் கிணற்றைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி நின்று, “வாய்க்கால் முழுக்க ஈரமா இருக்கு, வரப்பெல்லாம் சொதசொதன்னு இருக்கு. கெணத்துல மட்டும் தண்ணி இல்லையாக்கா?” என்று கேட்டார்கள். இருளப்பன் அண்ணன் வானத்தைப் பார்த்தார். எங்கள் ஊரிலும் தண்ணீருக்குப் பொய் சொல்வோம் அக்கா, நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் உண்மையை எழுதுவேன் என்றார்கள்.

சொல்லிவிட்டேன். ஐந்து நாள் ஓட்டியதையும் சொன்னேன், கார்த்திகையில் நாலு நாள் நிறுத்தியதையும் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. எல்லா மோட்டாரையும் இரண்டு நாள் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லில் ரூம் போட்டுத் தங்கினார்கள். மூன்றாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்து மோட்டாரை ஓட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை, காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வந்து பார்த்தார்கள், முழங்கால் அளவு ஊறியிருந்தது. அவ்வளவுதான் நம் கிணற்றுக்கு உள்ளது. அதை வைத்துக்கொண்டு சம்பங்கிதான் வளர்க்க முடியும், மெஷினுக்கு ஊற்ற முடியாது. இந்த இடம் ஆகாது என்று கிணற்றடியிலேயே எழுதிக்கொண்டார்கள்.

உண்மையே போதுமாக இருந்தது, தம்பி. நான் ஐந்து நாள் ஊர்த் தண்ணீரைக் கொட்ட வைத்தது தண்டம். அப்புறம் பாய்ச்சத் தண்ணீர் இல்லாமல் இருளப்பன் அண்ணனின் கத்திரிச் செடி பாதி வாடிவிட்டது. உன் மேல் இருந்த ஆத்திரத்தில் அவர் வயிற்றில் அடித்துவிட்டேன். அது மட்டும்தான் இதில் எனக்குக் கஷ்டம்.

நூல் மில் விஷயத்தையும் அவர்களிடம் கேட்டேன். நீ சொல்லவே இல்லையாம், அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. திரும்பிப் போகும் வழியில் காரை நிறுத்திப் பார்த்தார்கள். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டே சூடு தணிக்கிற வழி இருக்கிறதாம், செலவு கூடுமாம், கூடினால் கூடட்டும் என்றார்கள். அங்கே கட்டுவார்களோ மாட்டார்களோ எனக்குத் தெரியாது. அந்த மெஷின்கள் எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும், இல்லை என்று சொல்ல மாட்டேன். பூ ரேட்டை நானும் போனில்தான் பார்க்கிறேன். ஒன்றும் தோதுப்படாவிட்டால் வானத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள். அங்கேயாவது ஏமாற்றிக் கையெழுத்து வாங்க ஓர் அக்கா இருக்க மாட்டாள்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போகும் முன்னால் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார்கள். கார்த்திகையில் மோட்டாரை நிறுத்தி வைக்க யார் சொன்னது?

உன் மச்சான் தொண்டையைக் கனைத்தார். எனக்குப் புரிந்தது. ஊர் வழக்கம், யாராவது வந்தால் நாங்களாகவே நிறுத்துவோம் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே, அந்தப் பெண்ணும் நம்பியிருப்பார்கள். உன் தலை தப்பியிருக்கும். இடம் போனதோடு காரியம் முடிந்திருக்கும்.

சொன்னேன். பழனிக்குமார், உங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், என் கூடப் பிறந்த தம்பி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு இனித்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பங்குனியிலிருந்து தொண்டையில் நின்ற சோறு அன்றைக்குத்தான் இறங்கியது. இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா, எங்கள் ஆபீஸுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

ஆனால் உடனே எழுதவில்லை. அவர்கள் போன பிறகு உன் மச்சான் சாப்பிடவே இல்லை. “சின்னப் பிள்ளக்காரன் கனகா. எடந்தான் போச்சுல்ல, விட்டுரு. ஒடம்பொறந்தவன் சோத்துல மண்ணப் போட்டுறாத” என்றார். சரி, மூன்று நாள் பொறுப்போம் என்றேன். இடம் தள்ளுபடி ஆனது இவனுக்குத் தெரிந்திருக்கும். தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா என்று ஒரு வார்த்தை, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணிவிடலாம் என்று ஒரு வார்த்தை, எது வந்தாலும் எழுத மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். மூன்று நாளும் போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பூ எடுக்கப் போனபோதும் இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாய். என்னை இல்லை, உன் மச்சானை. ஸ்பீக்கரில் போட்டார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நிலம், பத்திரம், ஒன்றும் கேட்கவில்லை. “அந்தம்மாகிட்ட அக்கா எம் பேரச் சொல்லுச்சா மச்சான்?” அது ஒன்றைத்தான் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கி அணைத்தேன். அன்றைக்கே எழுதி முடித்தேன். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அந்தக் காகிதத்தையும் இந்தக் கடிதத்தையும் நாளைக் காலையில் வடமதுரைத் தபால் ஆபீஸில் ஒன்றாக விரைவுத் தபாலில் போடுகிறேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லி, நீ ஓடிப் போய் ஏதாவது ஜோடித்துவிடக் கூடாது. அதே சமயம் ஊரார் வாயால் நீ கேட்கவும் வேண்டாம், என் கையெழுத்திலேயே தெரிந்துகொள். பத்திரத்தை ரத்து செய்யத் திண்டுக்கல்லில் இளஞ்செழியன் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் வரும். வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பாதே, அதுவும் உனக்கு எதிராகத்தான் போகும் என்று வக்கீல் சொல்கிறார்.

பவித்ராவிடம் எதையும் மறைக்காதே. அவள் என்னிடம் ஒரு நாளும் குறைவாக நடந்ததில்லை. பிள்ளைக்கு வெயிலில் கட்டி வந்திருப்பதாகப் போட்டோவில் பார்த்தேன், நுங்கைத் தடவிக் குளிப்பாட்டச் சொல். ஏசி அறைக்கும் வெளிக்கும் தூக்கிக்கொண்டு அலையாதே, சளி பிடிக்கும். உனக்கும் வயிற்றுப் புண் இருக்கிறது. கவலையில் காபியாகக் குடித்துத் தள்ளாமல் வேளைக்குச் சாப்பிடு.

உன்னை மன்னித்தேன் என்று எழுதத்தான் இரண்டு நாளாகப் பார்க்கிறேன். வரவில்லை, அதனால் எழுதவில்லை. உன் வேலை போனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். போன மறுநாள் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வேலை கிடைக்கிற வரையில் அந்தப் பெரிய வாடகை வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடாதே. பவித்ராவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. பவித்ராவிடம் பேசுவேன், பிள்ளையைத் தூக்கிக்கொள்வேன். உனக்கு மூன்று வேளையும் சோறு போடுவேன். பேச மாட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என்னை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பொ. கனகா